மூன்றரைக் கிலோ பம்பை

2018 பிப்ரவரி 11, ஞாயிறு. பெங்களூரு

விடுமுறை நாளிலும் பட்டறைக்குப் போனேன். வீணைக் குடத்தை ஓவனிலிருந்து எடுக்க வேண்டியிருந்தது. அச்சிலிருந்து பிரியும்போது ஒரு சின்ன சத்தம் வரும், முட்டை ஓடு விரிவது போல. அதைக் கேட்பதற்காகவே இந்த வேலையில் இருக்கிறேனோ என்று சில நாள் தோன்றுகிறது. விரல் கணுவால் தட்டிப் பார்த்தேன். பலா மரம் மாதிரி இல்லை. இல்லாமலும் இல்லை.

விமானக் கம்பெனியை விட்டு இங்கே வந்து இரண்டு வருடம் ஆகிறது. இறக்கைக்கு நெய்த கார்பன் துணியை வீணைக்கு வெட்டுகிறேன். கூடப் படித்தவர்கள் இன்னும் இதை ஒரு ஓய்வு என்றே நினைக்கிறார்கள்.

சாயங்காலம் அம்மா போன். "உங்க அப்பா எயுந்திருக்க மாட்டேங்கிறாரு தங்கம். நேத்து எலவனாசூர்கோட்டைல பம்பை அடிச்சிட்டு வந்தாரு. வேன்ல இருந்து எறக்கவே ரெண்டு பேரு புடிச்சாங்க."

எலவனாசூர்கோட்டைக்கு ஒத்துக்கொண்டதையே எனக்குச் சொல்லவில்லை. சொன்னால் நான் என்ன சொல்லியிருப்பேன்?

2018 பிப்ரவரி 24. கச்சிராயபாளையம்

புதுச்சேரி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய்த் திரும்பினோம். முதுகெலும்புத் தட்டு நழுவியிருக்கிறது. இப்போதைக்கு ஆபரேஷன் வேண்டாம் என்றார் டாக்டர். நடக்கலாம், எவ்வளவு வேண்டுமானாலும், வேகமாகக்கூட. எடை மட்டும் கூடாது. தண்ணீர்க் குடம்கூடக் கூடாது.

பஸ்ஸில் அப்பா ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வந்தார். உளுந்தூர்பேட்டை தாண்டியது. அப்புறம் சொன்னார்: "ஆடிக்கு ஊர் ஊரா ஒத்துக்கினு கீறேன். எதையும் வுட முடியாது."

அவ்வளவுதான். அதற்குள் தியாகதுருகம் வந்துவிட்டது.

2018 பிப்ரவரி 25

காலையில் பம்பையை வெளியே எடுத்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் பிறப்பதற்கு முன்பிருந்தே வீட்டில் இருக்கிற பொருளை முதல்முறையாக ஒரு பொருளாகப் பார்ப்பது விசித்திரமாக இருந்தது. மேலே மர உருளை, கீழே வெண்கல உருளை, இரண்டையும் சேர்த்துக் கட்டிய கயிறு. கயிற்றில் அப்பாவின் வியர்வை உப்பாகப் பூத்திருக்கிறது. மளிகைக்கடைத் தராசில் வைத்தோம். பத்து கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு.

முனியன் மாமா, அம்மாவின் தம்பி, அப்பாவோடு உடுக்கை அடிப்பவர், பக்கத்தில் குந்திக்கொண்டு வேடிக்கை பார்த்தார். நான் நாடா பிடித்து அளப்பதைப் பார்த்துவிட்டு, "இன்னா பாப்பா, ஜாக்கெட் தைக்கப் போறியா அதுக்கு?" என்றார்.

"ஆமாம் மாமா. கருப்பு ஜாக்கெட்."

தோலும் கயிறும் வளையமும் அப்படியே இருக்கட்டும். உடல் மட்டும் கார்பன். மேல் உருளையை எளிதாகச் செய்துவிடலாம். கீழ் உருளைதான் யோசனை. வெண்கலம் தருகிற அந்தக் கூர்மையான ஓசைக்குச் சுவரை எவ்வளவு இறுக்கமாகச் சுற்ற வேண்டும்?

அப்பாவிடம் சொன்னேன். "செய்யி" என்றார். வேறொன்றும் கேட்கவில்லை. நான் பத்தாவது முடித்ததும் கள்ளக்குறிச்சிக்கு அனுப்பிப் படிக்கவைக்க வேண்டும் என்று டீச்சர் வந்து சொன்னபோதும் இதே ஒரு சொல்தான். "படி."

2018 மார்ச் 18. பெங்களூரு

போன ஆடியில் என் போனில் பதிவு செய்த வர்ணிப்பு இருக்கிறது. அம்மனைத் தலைமுதல் கால்வரை வர்ணித்து, வா வா என்று அழைத்துப் பாடுவது. அது உச்சத்துக்குப் போகும்போது பூங்கரகம் எடுக்கிற பெண் மேல் அம்மன் இறங்கும். இறங்கி உத்தரவு கொடுத்தால்தான் கரகம் கிளம்பும். எங்கள் தெருக் கோயிலில், எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து, அது பச்சையம்மாள் அத்தை. கரும்பு வெட்டப் போகிறவர். மற்ற நாளெல்லாம் சத்தமே இல்லாத மனுஷி.

பதிவைக் கம்ப்யூட்டரில் போட்டு பம்பையின் ஓசையை மட்டும் பிரித்தெடுக்க முயன்றேன். கூட்டத்தின் இரைச்சல் சுலபமாகப் போய்விட்டது. போகாதது அப்பாவின் மூச்சு. ஒவ்வொரு வரி முடிவிலும் ஒரு "ஹ்ம்". அடியோடு அடியாக ஒட்டிக்கொண்டு வருகிறது. ஒவ்வொன்றாகக் கையால் வெட்டி எடுத்தேன். பகல் முழுக்க அதுவே வேலை.

கடைசியில் சுத்தமான பம்பை. திரையில் அழகாக நின்றது, மலை முகடு மாதிரி.

சின்ன வயதில் ஆடி மாதம் முழுக்க அப்பாவோடு ஊர் ஊராகப் போவேன். மத்தியான வெயிலில் கூழ் ஊற்றி முடித்ததும் ஏதாவது ஒரு வேப்பமரத்தடியில் தார்ப்பாய் விரித்து என்னைப் படுக்கவைப்பார்கள். பத்தடி தள்ளி பம்பை அடித்துக்கொண்டிருப்பார்கள். அதைக் கேட்டுக்கொண்டே தூங்கிவிடுவேன். ஹாஸ்டலுக்குப் போன முதல் வருடம் அமைதியான அறையில் தூக்கம் வராமல் கிடந்ததை யாரிடமும் சொன்னதில்லை.

2018 ஏப்ரல் 7

முதல் உருளை பிளந்துவிட்டது. துணியை இறுக்கும் ரெசின் பசை ஒரு பக்கம் வற்றியிருந்தது. என் அவசரம்தான்.

2018 ஏப்ரல் 29

மூன்றாவது நன்றாக வந்திருக்கிறது. தட்டிக்கொண்டே இருந்தேன். சார், பட்டறை அவருடையது, வந்து நின்று பார்த்தார். இதற்கு என்ன சந்தை இருக்கிறது என்று கேட்டார். கணக்கே எடுக்க முடியாத அளவு சார், ஆடி மாதத்தில் விழுப்புரத்திலிருந்து சேலம் வரை ஒரு பம்பைக்காரர்கூட வீட்டில் இருக்க மாட்டார் என்றேன். அவர் நம்பவில்லை. ஆனால் துணிக்கும் ரெசினுக்கும் தடை சொல்லவில்லை. இவர் நல்லவர்.

2018 மே 12. கச்சிராயபாளையம்

தோல் போர்த்தி, கயிறு இழுத்து, காய வைத்து, இன்று கட்டிப் பார்த்தார் அப்பா. மொத்தம் மூன்றரைக் கிலோ. இடுப்பில் கட்டிக்கொண்டு அப்படியே நின்றார். தடவிப் பார்த்தார்.

"கட்டினாப்புலயே இல்ல தங்கம்."

அது பாராட்டா புகாரா என்று எனக்குத் தெரியவில்லை.

அடித்தார். தெருவில் போய்க்கொண்டிருந்தவர்கள் நின்றார்கள். பழையதற்கும் இதற்கும் என் காதுக்கு வித்தியாசம் இல்லை. அளக்கும் கருவிக்கு மட்டும் கொஞ்சம் தெரிகிறது. முனியன் மாமாவை முதுகைக் காட்டி நிற்கச் சொல்லி, அப்பாவை இரண்டையும் தரையில் வைத்து மாற்றி மாற்றி அடிக்கச் சொன்னேன். எது எது என்று கேட்டேன். எல்லாவற்றையும் தப்பாகச் சொல்லிவிட்டு, "நான் சரியாத்தான் சொன்னேன், நீ மாத்திட்ட" என்று சண்டைக்கு வந்தார்.

ஒரே ஒரு சிக்கல். அம்மா மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தாள். நிற்கவில்லை. வழவழப்பில் வழுக்கிக்கொண்டு இறங்கிவிட்டது. அம்மாவின் முகம் போன போக்கு! உப்புத்தாள் கொண்டுவந்து தேய்த்து ஒரு இடத்தைச் சொரசொரப்பாக்கினேன். அப்புறம் நின்றது. ஆராய்ச்சிப் படிப்பில் இத்தனை வருடம் ஒட்டும் பரப்புகளைப் பற்றி எழுதியிருக்கிறேன். குங்குமத்தைப் பற்றி யோசித்ததே இல்லை.

2018 ஜூலை 19

நாளைக்கு நம் தெருக் கோயிலில் காப்புக்கட்டு, கரகம். லீவு போட்டுவிட்டு வந்திருக்கிறேன். மாதக்கணக்கில் சேர்த்து வைத்த லீவு. அப்பா புதுப் பம்பையோடு இரண்டு கல்யாணத்துக்கும் ஒரு காதுகுத்துக்கும் போய்வந்துவிட்டார். முதுகுவலி இல்லை. அம்மா மகிழ்ச்சியாக இருக்கிறாள். அதனால் எல்லோரையும் திட்டிக்கொண்டிருக்கிறாள்.

2018 ஜூலை 20, வெள்ளி

வரவில்லை.

அப்பா வர்ணிப்பைத் தொடங்கி முடித்தார். மறுபடி தொடங்கினார். பச்சையம்மாள் அத்தை ஈரப் புடவையோடு, தலைவிரித்து, கரகத்துக்கு முன்னால் நின்றுகொண்டே இருந்தார். கண் மூடியிருந்தது. உடம்பில் ஒரு அசைவு இல்லை. வெயில் ஏறியது. புடவை காய்ந்துவிட்டது.

யாரோ சொன்னார்கள்: "இந்தக் கருப்புப் பம்பைதான். பழச கொண்டாங்கப்பா."

முனியன் மாமா ஓடிப்போய் பழைய பம்பையை எடுத்துவந்து தானே இடுப்பில் கட்டிக்கொண்டார். அப்பா வெறும் கையோடு பக்கத்தில் நின்று பாடினார். மறுபடி முதலிலிருந்து.

அப்போதும் வரவில்லை.

அந்த நிமிடத்தில் எனக்கு நிம்மதி வந்தது. என் பம்பை காரணம் இல்லை என்று நிரூபணம் ஆகிவிட்டதே. அடுத்த நிமிடம், கூட்டம் முழுக்கப் பார்வையைப் பம்பையிலிருந்து எடுத்து அத்தையின் மேல் வைத்தது. அந்த நிம்மதிக்காக என்னை நானே அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

2018 ஜூலை 21

இதே தெரு அமிர்தம் பெரியம்மா எங்கள் வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போகிறாள், அத்தைக்குக் கேட்கிற மாதிரி: "சுத்தபத்தமா இருந்தா ஏன் வரமாட்டா? எத்தினி வருசமா வந்தவ. இவ ஏதோ தப்பு பண்ணிக்கினு வந்து நின்னுகினா."

அம்மா சும்மா விடவில்லை. "உன் வூட்டுல சுத்தம் ஜாஸ்தியா இருந்தா நீ எடேன் கரகத்த" என்றாள். ஆனால் ஊர் பேசி முடித்துவிட்டது. அடுத்த வெள்ளி கிரகணம். அதனால் கரகம் ஆகஸ்ட் மூன்றாம் தேதி, ஆடிப் பதினெட்டும் வெள்ளியும் சேர்ந்து வருகிற நாளில். அன்றும் அம்மன் வராவிட்டால் கரகம் வேறு பெண்ணுக்கு. பெயர்கூடச் சொல்லிக்கொள்கிறார்கள்.

சாயங்காலம் அத்தையைப் பார்க்கப் போனேன். முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தார். உட்காரச் சொன்னார். நானும் ஒரு கொத்தை எடுத்து உருவினேன். அப்புறம், "எனக்கே தெரியல கண்ணு. தண்ணிக்குள்ள கால வச்சா சில்லுன்னு இருக்கும் இல்ல, அப்பிடி ஆரம்பிக்கும் எனக்கு. நேத்து தண்ணியே இல்லாத மாதிரி இருந்திச்சு" என்றார்.

கீரையில் பாதியை எனக்குக் கட்டிக் கொடுத்தார்.

2018 ஜூலை 22

அப்பா சாப்பிடவில்லை. "என் பாட்டு போயிடுச்சு" என்றாராம் அம்மாவிடம்.

2018 ஜூலை 25

நான் இதை நம்புகிறேனா? இத்தனை வருடமாக என்னிடமே நான் கேட்டுக்கொள்ளாத கேள்வி. சின்ன வயதில் நம்பினேன். கல்லூரியில், கிளை நூலகத்தில் கிடைத்ததையெல்லாம் வாசித்த நாட்களில், நம்பாமலிருக்கக் கற்றுக்கொண்டேன். அப்புறம் தொலைவிலிருக்கிற எத்தனையோ தீவுகளிலும் மலைகளிலும் மனிதர்கள் மேளத்துக்கு ஆடுவதைப் பற்றிப் படித்தபோது, நம்புவது நம்பாதது என்பதைவிட வேறு ஏதோ கேள்வி இதில் இருக்கிறது என்று பட்டது.

இப்போது அதெல்லாம் வேண்டாம். பச்சையம்மாள் அத்தைக்கு அந்த ஒரு நாள் இருக்கிறது. வருடத்தில் ஒரே ஒரு நாள் ஊர் அவர் காலில் விழுகிறது. அது போகப்போகிறது. அது போனால் அப்பா இனிப் பம்பையைத் தொடமாட்டார். எனக்கு இவ்வளவு தெரிந்தால் போதும்.

ஆனால் மரப் பம்பைக்கும் வரவில்லையே. அப்படியானால் எது மாறியது?

2018 ஜூலை 29, ஞாயிறு

இன்று மலைமேல். வெள்ளிமலைக்கும் அப்பால் ஒரு சின்ன ஊர்க் கோயில். மூன்று வருடமாக அப்பா அங்கே போகவில்லை. கடைசி மேடு ஏற முடியாது என்று வேறு ஆட்களை அனுப்பிக்கொண்டிருந்தார். இந்த வருடம் எடை இல்லையே என்று மே மாதத்துக்குப் பிறகுதான் ஒத்துக்கொண்டாராம். தெருக் கோயிலில் நடந்ததற்குப் பிறகு வேண்டாம் என்று சொல்லிவிடலாம் என்றாள் அம்மா. "வரேன்னு சொன்னவன் வரணும்" என்றார்.

வெள்ளிமலை வரை பஸ். அங்கிருந்து ஒரு ஜீப். மழை பாதையை அறுத்துக்கொண்டு போயிருந்ததால் ஜீப் பாதியில் நின்றுவிட்டது. மிச்சம் நடை. சாமை வயல், பலா மரங்கள், இடுப்பளவு மேகம். முனியன் மாமா பம்பையைத் தான் தூக்கி வருவதாகச் சொன்னார். அப்பா தரவில்லை. கட்டிக்கொண்டே ஏறினார். நேரமாகிவிட்டதென்று கிட்டத்தட்ட ஓட்டம். மாமா பின்னால் திட்டிக்கொண்டே வந்தார்: "டாக்டரு நடன்னுதான் சொன்னாரு மாமா, பந்தயம் வுடுன்னு சொல்லல."

மேலே எல்லோரும் கூடிக் காத்திருந்தார்கள். ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் அப்பா தொடங்கினார். நான் போனை எடுத்துப் பதிவை ஆரம்பித்திருந்தேன், பழக்கதோஷம்.

நாலைந்து வரிகூட ஆகவில்லை. முன்னால் நின்ற ஒரு பெண், என் வயதுதான் இருக்கும், இடுப்பிலிருந்த குழந்தையைப் பக்கத்தில் நின்றவளிடம் கொடுத்தாள். ஏதோ அடுப்பில் வைத்தது நினைவு வந்துவிட்டது போல, அவ்வளவு சாதாரணமாக. கொடுத்துவிட்டு ஆடினாள்.

அப்பா அழுதுகொண்டே அடித்தார். என் பம்பைதான். என் கருப்புப் பம்பை.



2018 ஜூலை 30

காலையிலிருந்து மூன்று பதிவுகளைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். போன வருடத்து ஆடி. பத்து நாளைக்கு முந்தைய வெள்ளி. நேற்று மலைமேல்.

பாட்டு ஒன்றேதான். தாளம் ஒன்றேதான். வெள்ளிக்கிழமை அப்பா இன்னும் நன்றாகவே பாடியிருக்கிறார். குரல் பிசிறில்லாமல், வரிக்கு வரி நிதானமாக, எண்ணெய் விட்டது போல. கல்யாணத்தில் பாடுகிற மாதிரி.

அம்மா மாவு பிசைந்துகொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். வெள்ளிக்கிழமைப் பதிவு ஓடும்போது, "ரேடியோவுல பாடறாப்புல கீது" என்றாள்.

அப்போதுதான் போன வருடத்துப் பதிவை மறுபடி போட்டேன். ஹ்ம். வரி. ஹ்ம். வரி. நேற்றையதைப் போட்டேன். ஹ்ம். மலை ஏறி வந்த மூச்சு, இன்னும் அடங்காத மூச்சு, ஒவ்வொரு வரியையும் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு வருகிறது.

வெள்ளிக்கிழமையில் அது இல்லை. கருப்புப் பம்பையோடு பாடியபோதும் இல்லை, மாமா மரப் பம்பையை அடிக்க வெறும் கையோடு பாடியபோதும் இல்லை. இரண்டு தடவையும் அவர் இடுப்பில் அந்தப் பத்து கிலோ இல்லை.

மார்ச் மாதத்தில் நான் ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து வெட்டி எறிந்தது அதைத்தான்.

வேப்பமரத்தடியில் என்னைத் தூங்கவைத்ததும் பம்பை இல்லை. பம்பைச் சத்தத்தில் எந்தக் குழந்தை தூங்கும்? அது நின்று நின்று வரும் அந்த மூச்சு. அப்பா அங்கேதான் இருக்கிறார் என்கிற சத்தம்.

2018 ஆகஸ்ட் 1

இதை எப்படிச் சொல்வது என்று ஒரு நாள் முழுக்கத் தயங்கினேன். சொன்னால் அம்மனை ஒரு மூச்சிரைப்பாகச் சுருக்கிவிடுகிறேனா? சொல்லாவிட்டால் வெள்ளிக்கிழமை என்ன ஆகும்? ஒரு வழிதான் தெரிகிறது. அவர் பத்து கிலோவைக் கட்டக் கூடாது. ஆனால் நடக்கலாம். வேகமாகக்கூட நடக்கலாம்.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அப்பா கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தபோது சொன்னேன். போனில் மூன்றையும் போட்டுக் காட்டினேன். தன் மூச்சை அவர் இதற்கு முன் கேட்டதே இல்லை. முதலில் வெட்கப்பட்டார்.

"இப்பிடியா எரச்சிக்கினு பாடறேன் நானு?"

"எப்பவும் அப்படித்தான்ப்பா."

மாமாவுக்கு ஒப்பவில்லை. "அப்போ அம்மா வர்றது பாட்டுக்கு இல்ல, ஆஸ்துமாவுக்குன்ற. இன்னா பாப்பா படிச்ச நீ."

அப்பா கயிற்றின் முடிச்சையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் மாமாவிடம் சொன்னார்: "அவ எதுல வரான்னு நமக்கு இன்னாடா தெரியும். வேப்பிலைல வரா. எலுமிச்சம்பழத்துல வரா. மூச்சுல வந்தா வந்துட்டுப் போறா."

பிறகு என்னைக் கேட்டார்: "கோயில எத்தினி சுத்து சுத்தினா மலை ஏறினாப்புல ஆவும்?"

சிரித்துவிட்டேன். இவ்வளவு சுத்தமான பரிசோதனைக் கேள்வியை எந்தக் கருத்தரங்கிலும் யாரும் என்னிடம் கேட்டதில்லை. சாயங்காலம், ஆள் இல்லாத நேரத்தில், இருவரும் கோயிலுக்குப் போனோம். ஒரு சுற்று போதவில்லை. இரண்டுக்குப் பேச முடிகிறது. மூன்றாவது முடிந்ததும் மதிலில் கை ஊன்றி நின்றார், வாயைத் திறந்தார், மூச்சு வந்தது. ஹ்ம்.

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

2018 ஆகஸ்ட் 2

அத்தையிடம் சொல்லவில்லை. சொல்லக் கூடாது என்று பட்டது. அப்பாவும் அதையே நினைத்திருக்கிறார். "அவ காதுல போட்டுறாத" என்று மட்டும் சொன்னார்.

காரணம் தெரிந்தவர்களுக்கு அம்மன் வருமா?

2018 ஆகஸ்ட் 3, வெள்ளி. ஆடிப் பதினெட்டு

கோமுகி அணைப் பக்கம் போயிருந்தவர்களெல்லாம் திரும்பி வந்து கூடிவிட்டார்கள். அமிர்தம் பெரியம்மா முன் வரிசையில். வேறு ஒரு பெண்ணையும் மஞ்சள் புடவை கட்டி நிற்கவைத்திருந்தார்கள், ஒருவேளை என்று. அந்தப் பெண் தலை நிமிரவே இல்லை, பாவம்.

அப்பா பம்பையைக் கட்டினார். யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் கோயிலைச் சுற்ற ஆரம்பித்தார், விரைவாக, அடித்துக்கொண்டே. மாமா உடுக்கையோடு பின்னால் ஓடினார். இரண்டாவது சுற்றில் கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. "இன்னா ஆதிமூலம், பஸ்ஸ வுட்டுட்டியா?" என்று யாரோ கத்தினார்கள். மூன்றாவது சுற்றில் சிரிப்பு அடங்கிவிட்டது. ஏதோ நடக்கிறது என்று எல்லோருக்கும் பட்டுவிட்டது. வாசலுக்கு வந்து, நிற்காமல், அப்படியே தொடங்கினார்.

நான் போனை வெளியே எடுக்கவில்லை.

அத்தையின் பாதங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் வலது காலின் கட்டை விரல். மண்ணைக் கிள்ளுவது போல. பிறகு குதிகால் உயர்ந்தது. தண்ணீருக்குள் கால் வைப்பது போலத்தான் இருந்தது.

உத்தரவு கிடைத்தது. கரகம் கிளம்பியது. அமிர்தம் பெரியம்மாதான் முதலில் காலில் விழுந்தாள்.

 

2018 ஆகஸ்ட் 5

கிளம்புமுன் அத்தை வந்தார். எப்போதும் போலச் சத்தமில்லாமல். ஒரு கட்டுக் கரும்பு கொண்டுவந்திருந்தார், பஸ்ஸில் கொண்டுபோக முடியாத நீளத்துக்கு. "அண்ணன் பம்பை நல்லா கீது கண்ணு. நீ பண்ணதாமே. கைல எடுத்தா காத்து மாதிரி கீது" என்றார்.

ஆமாம் அத்தை என்றேன். மாமா கரும்பை முட்டியில் வைத்து மூன்றாக உடைத்துப் பையில் திணித்தார்.

2018 அக்டோபர் 14. பெங்களூரு

சார் பம்பையைப் பற்றி அறிக்கை கேட்டார். எடை, சுவர்த் தடிமன், அதிர்வெண், மழைக்காலத்திலும் வெயில்காலத்திலும் உடல் வளையாமல் நிற்பது. எல்லாம் எழுதினேன். எழுதிய ஒவ்வொரு வரியும் உண்மை. மூச்சைப் பற்றி எழுதவில்லை. எந்தத் தலைப்பின் கீழ் எழுதுவது?

மார்ச்சில் சுத்தம் செய்த அந்தப் பதிவை அழித்துவிட்டேன். வெட்டாத மூலத்தை வைத்திருக்கிறேன். அதுவே என் அளவுகோல் இனி.

2019 ஜனவரி 20

வீணை வெளிநாடு போய்த் திரும்பிவிட்டது, கீறல் இல்லாமல். வாசித்தவர் நேரில் வந்து நன்றி சொன்னார். கச்சேரியில் குளிரூட்டும் இயந்திரத்தின் இரைச்சல் தொந்தரவு என்று குறைபட்டுக்கொண்டார். வீணையின் மேல் குனிந்து வாசிக்கும்போது அவருக்கும் மூக்கில் ஒரு சின்ன முனகல் வருகிறது. அவருக்கே தெரியாது. நான் சொல்லவில்லை. ஒலிவாங்கியைக் கொஞ்சம் மேலே, முகத்துக்குப் பக்கமாக வைத்துக்கொள்ளுங்கள் என்றேன்.

அம்மா போன். கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆகப்போகிறதாம். "ஆயிட்டா இன்னா ஆவும்?" என்று என்னைக் கேட்கிறாள். எனக்குத் தெரியவில்லை என்றேன். "இவ்ளோ படிச்சு இன்னா பிரயோஜனம்" என்று வைத்துவிட்டாள்.

2019 ஜூன் 9

மூங்கில்துறைப்பட்டுப் பக்கத்திலிருந்து ஒரு பம்பைக் குழு பட்டறைக்கே வந்துவிட்டது. அப்பாவின் பம்பையைப் பார்த்திருக்கிறார்கள். நாலு ஜோடி வேண்டுமாம். சார் என்னைப் பார்த்த பார்வையில் மன்னிப்புக் கேட்பது போல ஏதோ இருந்தது. குங்குமம் நிற்க ஒரு பட்டை சொரசொரப்பாக விட்டுத் தருகிறோம் என்று நானே முந்திக்கொண்டு சொன்னேன்.

2019 ஆகஸ்ட் 2, வெள்ளி. கச்சிராயபாளையம்

காலையில்தான் வந்து சேர்ந்தேன். முகம் கழுவிவிட்டு நேராகக் கோயிலுக்கு.

இந்த வருடம் கூட்டம் அதிகம். எனக்குப் பக்கத்தில் ஒரு புதுப்பெண், இந்த ஊருக்குக் கல்யாணமாகி வந்து இரண்டு மாதம்தான் ஆகிறதாம். அப்பா பம்பையைக் கட்டிக்கொண்டு கோயிலைச் சுற்ற ஆரம்பித்ததும், முனியன் மாமா முணுமுணுத்துக்கொண்டே பின்னால் ஓடினார். இந்த வருடம் தெருப் பிள்ளைகள் ஒரு கூட்டம் அவருக்கும் பின்னால்.

"இன்னாத்துக்கு ஓடறாங்க?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் முன்னாலிருந்து அமிர்தம் பெரியம்மா திரும்பினாள். "இதுகூட தெரியாதா உங்க ஊர்ல? அந்தக் காலத்துல இருந்து இங்க இதான் மொற. மூணு சுத்து ஓடாம பம்பை அடிச்சா எங்கம்மா வரமாட்டா."

"போன வருஷத்துக்கு முன்னாடியும் ஓடினாங்களா பெரியம்மா?" என்று கேட்டேன்.

"நீ ஊர்ல இருந்தாத்தான தெரியும்" என்றாள்.

பக்கத்து ஊரிலும் ஆரம்பித்துவிட்டார்களாம். அங்கே இன்னும் மரமும் வெண்கலமும்தான். பத்து கிலோவைக் கட்டிக்கொண்டு மூன்று சுற்று ஓடிவிட்டு, எந்தக் கட்டையில போறவன் இத கண்டுபுடிச்சான் என்று திட்டுகிறார்களாம். மாமா சொல்லிச் சொல்லிச் சிரித்தார். கண்டுபிடித்தது யாரென்று அவரும் சொல்லவில்லை.

மூன்றாவது சுற்று முடிந்தது. அப்பா வாசலுக்கு வந்து நின்றார். பச்சையம்மாள் அத்தை ஈரப் புடவையோடு கண் மூடினார். முதல் வரி.

ஹ்ம்.

ராத்திரி முழுக்க பஸ். கால் கடுத்தது. வேப்பமரத்தடியில் யாரோ விரித்திருந்த தார்ப்பாயின் ஓரத்தில் கொஞ்சம் உட்கார்ந்தேன். இரண்டாவது வரி. மூன்றாவது. கூட்டத்தின் கால்கள்தான் தெரிந்தன. குலவைச் சத்தம் கேட்டது, அத்தைக்கு வந்துவிட்டது போல.

எழுந்து பார்க்க வேண்டும் என்றுதான் நினைத்தேன். தூங்கிவிட்டேன்.